கறவைக்குப் போகும் அண்ணி

அண்ணி இறந்த பிறகு துக்கம் கேட்க வந்தவர்களில் பாதிப் பேர், தொண்டையைச் செருமிக்கொண்டு ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். "அந்தக் கதிரியக்க வேலைதானே காரணம்?"

இல்லை. மாரடைப்பு. அவளுடைய அப்பாவும் அதே நோயில்தான் போனார், அவர் வாழ்நாள் முழுக்கச் செய்தது துணிக்கடை வேலை. அண்ணியின் சட்டைப்பையில் குத்தியிருந்த கதிர் அளக்கும் வில்லை கடைசி நாள்வரை அளவைத் தாண்டாமல் நல்ல பிள்ளையாகவே இருந்தது. அவள் அங்கே என்னதான் செய்துகொண்டிருந்தாள் என்று மட்டும் யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்ல எனக்கு ஆசைதான். கேட்காவிட்டாலும் சொல்கிறேன்.

நாங்கள் இருவரும் ஒரே ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தோம். நான் முதல் மாடியில், ஸ்கேன் பிரிவின் முன்மேசை. யார் வந்தார்கள், யார் காத்திருக்கிறார்கள், யார் கழிப்பறைக்குப் போய்த் திரும்பவில்லை என்பதெல்லாம் என் பொறுப்பு. அண்ணி அடித்தளத்தில், ஜன்னல் இல்லாத ஆய்வகத்தில், ஈயச் சுவருக்கு அந்தப் பக்கம் கைவிட்டு மருந்து செய்பவள். ஸ்கேனுக்கு முன்னால் ஊசியில் போடுவார்களே, உடம்புக்குள் போய் நோய் இருக்கும் இடத்தில் உட்கார்ந்துகொண்டு "இங்கே இருக்கிறேன்" என்று மினுங்கும் மருந்து, அது. டிரேசர் என்பார்கள்.

என் அண்ணன் அதை வேறு விதமாகச் சொல்வான். விடியற்காலையில் அண்ணி செருப்பைத் தேடுகிற சத்தம் கேட்டு எதிர்வீட்டு அம்மா, "எங்க இவ்ளோ சீக்கிரம் கிளம்பிட்டாங்க?" என்று கேட்டபோது, "மாடு கறக்கப் போறா" என்றான் படுக்கையிலிருந்தபடியே. மறுநாள் அந்த அம்மா கையில் பாத்திரத்தோடு வந்து நின்றாள். "கூட ஒரு அரை லிட்டர் வந்தா நமக்கும் குடுங்களேன், கடைப்பால் ஒரே தண்ணி."

அண்ணன் சொன்னது பொய்யில்லை. ஆய்வகத்திலேயே அதற்கு மாடு என்றுதான் பெயர். பார்க்க ஒரு வாளி உயரத்துக்கு ஈயக் குடுவை. உள்ளே ஜெர்மானியம் என்ற தனிமம் தானாகவே மெல்ல மெல்லக் காலியம் என்ற இன்னொரு தனிமமாக மாறிக்கொண்டிருக்கும். ஒரு குழாய் வழியாக அமிலத்தைச் செலுத்தினால் மறு குழாய் வழியாகக் காலியம் கரைந்து வரும். கறந்தால் மடி வற்றிவிடும். சில மணி நேரம் விட்டால் மறுபடி சுரக்கும். கறந்த காலியமோ ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே போனால் பாதியாகிவிடும். ஐஸ் கட்டியை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு கடைத்தெருவைக் கடக்கிற பிழைப்பு. அதனால்தான் அண்ணி எதையும் நின்று செய்யமாட்டாள். சாப்பிடுவதுகூட நடந்துகொண்டேதான்.

காலியத்துக்கு மினுங்கத் தெரியும், வழி தெரியாது. வழி தெரிந்தது ஒரு புரதத் துணுக்குக்கு. அந்தத் துணுக்கின் முதுகில் வேதியியலால் ஒரு கூண்டைக் கட்டி, கூண்டுக்குள் காலியத்தை உட்காரவைத்துவிட்டால், துணுக்கு சரியான விலாசத்துக்குப் போய்க் கதவைத் தட்டும். ஒவ்வொரு நோய்க்கும் ஒரு விலாசம், ஒரு துணுக்கு. அண்ணி எட்டு வருஷம் ஒரே விலாசத்துக்காக உழைத்தாள். கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்கள். அங்கே சிலருக்கு மிளகளவு ஒரு கட்டி வரும். கட்டி கெட்டதில்லை, ஆனால் நேரங்காலம் இல்லாமல் இன்சுலினைக் கொட்டும். ஆளுக்குச் சர்க்கரை இறங்கி மயக்கம் வரும். வெட்டி எடுத்தால் தீர்ந்தது. எங்கே இருக்கிறது என்று தெரிந்தால்தானே வெட்ட? சாதாரண ஸ்கேன்களுக்கு அது சிக்காது.

எட்டு வருஷத்தில் ஆறு வருஷத்தைத் திங்கட்கிழமை தின்றுவிட்டது. மற்ற நாட்களில் மருந்து ஒழுங்காக வரும், திங்கட்கிழமை மட்டும் கெட்டுப்போகும். பாதிக் கூண்டுகளில் காலியமே ஏறாது. வேறு டிரேசர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. இந்தத் துணுக்கு கொஞ்சம் கூடினாலும் ஆளுக்கு வாந்தி வரும், சர்க்கரை இறங்கும், ஆகவே தூசியளவுதான் சேர்க்கலாம். கூண்டுகளே சொற்பம் என்னும்போது ஒவ்வொன்றும் நிரம்பியாக வேண்டும்.

காரணத்தைக் கடைசியில் ஞாயிற்றுக்கிழமையில் கண்டுபிடித்தாள். ஞாயிறு விடுமுறையில் யாரும் கறக்காமல் விட்ட மாட்டுக்குள் காலியம் சும்மா இருப்பதில்லை. மினுங்கி முடித்துத் துத்தநாகமாகிவிடுகிறது. திங்கட்கிழமை கறந்தால் உயிருள்ள காலியத்தோடு இந்தச் செத்த கூட்டமும் சேர்ந்து வருகிறது. கூண்டுக்கு இரண்டும் ஒன்றுதான். "செத்தவன் நாற்காலியில உக்காந்துக்கறான், உசுரோட இருக்கறவன் நின்னுகிட்டு வர்றான்" என்று சாப்பாட்டு மேசையில் விளக்கினாள். அண்ணன், "எங்க ஆபீஸ் மாதிரியே இருக்கு" என்றான்.

அன்றிலிருந்து வழக்கம் மாறியது. விடியற்காலையில் போய் ஒரு கறவை. அதைக் கழிவுக் குடுவையில் ஊற்றிவிட வேண்டும். பிறகு சில மணி நேரம் சுரக்கவிட்டு இரண்டாம் கறவை. அதுதான் மருந்துக்கு. முதல் கறவைக்குப் போவதற்காகவே அண்ணி ஆறு மணிக்கு முன் கிளம்புவாள். மருந்து சுத்தமாக வந்தது. எல்லாச் சோதனையும் முடிந்து, மனிதர்களுக்குக் கொடுத்துப் பார்க்கலாம் என்று அனுமதியும் வந்தது.

முதல் ஆள் ஒரு முடிதிருத்துநர்.

அவரையும் அவர் மனைவியையும் எனக்கு மூன்று மாதமாகத் தெரியும். எல்லா ஸ்கேனுக்கும் என் மேசைக்குத்தான் வந்தார்கள். மனைவியின் பை ஒரு நடமாடும் மளிகைக்கடை. பிஸ்கட், சர்க்கரைக்கட்டி, பழச்சாறு, ராத்திரி எழுப்பிச் சாப்பிடவைக்க ஒரு அலாரக் கடிகாரம். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை வாயில் ஏதாவது விழுந்தாக வேண்டும். இல்லையென்றால் கை நடுங்கும், வேர்க்கும், பிறகு பேச்சு தடம் மாறும்.

"எப்படிக் கண்டுபிடிப்பீங்க?" என்று ஒருநாள் கேட்டேன்.

"ரொம்ப சுலபம். இருபது வருஷமா என்னை ஏய்னு கூப்பிடற மனுசன் சக்கரை எறங்கிட்டா சார்னு கூப்பிடுவாரு."

"மரியாதை குடுத்தா தப்பா?" என்றார் அவர், பிஸ்கட்டை மென்றபடி.

சிரிப்புக்குப் பின்னால் இருந்தது சவரக்கத்தி. ஒருமுறை வாடிக்கையாளர் கழுத்தில் கத்தியை வைத்தபடியே கை நடுங்கத் தொடங்கியிருக்கிறது. ஒன்றும் ஆகவில்லை. அன்றோடு கடையைப் பூட்டிவிட்டார். அறுவை செய்யும் டாக்டர் நாள் குறித்துவிட்டார். கட்டி இருக்குமிடத்தைக் காட்டினால் அதை மட்டும் எடுப்பேன், காட்டாவிட்டால் குத்துமதிப்பாகக் கணையத்தில் பாதியை எடுப்பேன் என்று சொல்லிவிட்டார். பாதி கணையம் போனால் சர்க்கரை வியாதி வந்து உட்கார்ந்துகொள்ளும். அதற்குப் பிறகும் கட்டி மீதிப் பாதியில் இருந்தால் எல்லாம் வீண். அறுவைக்கு முந்தைய நாள்தான் அண்ணியின் மருந்துக்குக் கிடைத்தது. அது திங்கட்கிழமை.

அடித்தளத்தில் அண்ணியோடு வேலை பார்த்த இயற்பியல்காரர் ஒருவர் உண்டு. ஓய்வு பெற இரண்டு வருஷம் இருந்தது. கூரை இடிந்து விழுந்தாலும் "அவசரமில்லை" என்பார், அதுவே அவர் பெயராகிவிட்டது. பத்து மணிக்கு முன்னால் அவரை ஆஸ்பத்திரியில் பார்த்தவர்கள் கிடையாது. அண்ணியின் மேல் அவருக்குக் கூடப்பிறந்த தங்கையின் மேல் இருக்கிற பாசம். அன்றைக்கு அந்தப் பாசம்தான் குழி பறித்தது.

அண்ணி வழக்கம்போல் விடியலில் வந்து முதல் கறவையை முடித்து ஊற்றிவிட்டு, பலகையிலும் எழுதிவிட்டு, கூண்டுத் துணுக்குகளைத் தயார்செய்யப் பக்கத்து அறைக்குப் போயிருந்தாள். அவசரமில்லை அன்று பார்த்துச் சீக்கிரம் வந்தார். திங்கட்கிழமை, முதல் நோயாளி, பிள்ளை பதற்றத்தில் முதல் கறவையை மறந்திருந்தால்? நாமே கறந்து ஊற்றிவிடுவோம் என்று நினைத்திருக்கிறார். பலகையைப் பார்த்தார்தான். கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டு வந்திருந்தார். பூராவையும் கறந்து கழிவுக் குடுவையில் ஊற்றிவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

பத்து நிமிடம் கழித்து, மடி நிரம்பியிருக்கும் என்ற கணக்கில், அண்ணி வந்து இரண்டாம் கறவையைக் கறந்தாள். அளக்கும் கருவியில் எண் ஏறவே இல்லை. குழாயைத் தட்டினாள். கருவியைத் தட்டினாள். பிறகு திரும்பிப் பார்த்தாள். அவர் புன்னகையோடு உட்கார்ந்திருந்தார்.

"அண்ணே, மாட்டுக்கு என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகலம்மா. நீ மறந்திருப்பேன்னு முதல் கறவைய நானே கறந்து ஊத்திட்டேன்."

அண்ணி கடிகாரத்தைப் பார்த்தாளாம். பிறகு சொன்னாளாம்: "இருபது வருஷத்துல இன்னிக்குத்தானாண்ணே சீக்கிரம் வரத் தோணிச்சு?"

விஷயம் புரிந்ததும் அந்த மனிதர் முகம் சுண்ணாம்பாகிவிட்டது. கழிவிலிருந்து எடுக்க முடியாது, அதில் பழைய அமிலமும் உலோகமும் கலந்து கிடக்கிறது. மறுபடி மடி முழுக்க நிரம்பும்வரை காத்திருக்கவும் முடியாது, ஒரு மணி நேரம் விட்டால் பாதிதான் சுரக்கும். மேலே ஒருவர் விடிகாலையில் இரண்டு வாய் சாப்பிட்டதோடு, அதற்குப் பிறகு எதுவும் கூடாது என்ற உத்தரவில் உட்கார்ந்திருக்கிறார்.

என் மேசைத் தொலைபேசி அடித்தது, கீழேயிருந்து அண்ணி. ஸ்கேன் டாக்டருக்கு இணைப்புக் கொடுத்தேன். அவர் கத்தியது இணைப்பு இல்லாமலே கேட்டது.

"பாதி மருந்தா? பாதி வெளிச்சத்துல நான் எதைப் படிக்கிறது?"

அண்ணியின் பதிலை அவரே பிறகு எல்லோரிடமும் சொல்லிக்காட்டுவார். "மெதுவா படிங்க டாக்டர். மெஷினை ரெண்டு மடங்கு நேரம் ஓட்டுங்க."

"அதுக்கு அவர் ரெண்டு மடங்கு நேரம் அசையாம கெடக்கணும். சக்கரை ஆடற ஆளு."

"நானே வந்து கேக்கறேன்."

அத்தனை வருஷத்தில் அண்ணி ஒரு நோயாளியைப் பார்த்ததில்லை. அவள் செய்த மருந்து ஈயச் சிமிழில் ஏறி, சின்ன மின்தூக்கியில் மேலே போகும். அவள் கீழேயே இருப்பாள். அன்று படியேறி வந்து, வெள்ளை மேலங்கியைச் சரிசெய்துகொண்டு, என்னைப் பார்த்து, "இதுல யாரு அவரு?" என்று கண்ணால் கேட்டாள். நான் காட்டினேன்.

"நீங்கதான் மருந்து செய்யறவங்களா?" என்றார் முடிதிருத்துநர். "நான் யாரோ வெள்ளைத்தாடி வெச்ச ஆளுன்னு நெனச்சேன்."

"தாடி இருந்தா உங்ககிட்டதான வந்திருப்பேன்" என்றாள் அண்ணி. பிறகு அவருக்கு எதிரில் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். அண்ணி உட்கார்ந்து பேசுவதே அபூர்வம். "தப்பு எங்க பக்கம். மருந்து வர இன்னும் ஒரு மணி நேரத்துக்கு மேல ஆகும். வந்தாலும் பாதிதான் வரும். அதனால நீங்க உள்ள ரெண்டு மடங்கு நேரம் அசையாம படுக்கணும். முடியலன்னா இப்பவே சொல்லிடுங்க. யாரும் கோவிச்சுக்க மாட்டாங்க."

அவர் மனைவியைப் பார்த்தார். மனைவி பையை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"மேடம், அசையாதீங்க அசையாதீங்கன்னு இருபத்தஞ்சு வருஷமா ஊருக்கே சொல்லிட்டு இருக்கேன். நானே அசைஞ்சா நாளைக்கு எவன் என் கடைக்கு வருவான்?"

"உடம்பு அசையாது. வாய் அசையாம இருக்குமான்னு கேளுங்க" என்றாள் மனைவி.

அண்ணி சிரித்துவிட்டு எழுந்தாள். வாசலருகில் என்னிடம் வந்தபோது அவள் கை என் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டது. "மருந்து ஒட்டலன்னா இவங்ககிட்ட வந்து சொல்ற வேலையும் எனக்குத்தான், இல்ல?" என்றாள். நான் ஏதாவது சொல்வதற்குள் படியிறங்கிவிட்டாள்.

காத்திருந்தோம். முடிதிருத்துநர் எனக்கு எந்தத் தலை எந்தத் தொழில் என்று பாடம் எடுத்தார். வக்கீல்களுக்கு உச்சியில் முதலில் கொட்டும், வாத்தியார்களுக்கு நெற்றியில். பேச்சு நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. திடீரென்று மனைவியின் பக்கம் திரும்பி, "சார், கொஞ்சம் தள்ளி உக்காருங்க, காத்து வரல" என்றார்.

"போச்சு! சார் வந்துட்டாரு! நர்ஸம்மா!"

நர்ஸ் ஓடிவந்து விரல் நுனியில் குத்திப் பார்த்தாள். இறங்கியிருந்தது. குளுக்கோஸ் ஏற்றினார்கள். ஸ்கேன் டாக்டர் வந்து நின்று யோசித்தார். நிறுத்திவிடுவார் என்றுதான் நினைத்தேன். குளுக்கோஸ் மெதுவாக ஏறிக்கொண்டே இருக்கட்டும், மருந்து வந்ததும் போடலாம் என்றார். கொஞ்ச நேரத்தில், "ஏய், தண்ணி இருக்கா?" என்ற குரல் கேட்டது. மனைவி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "தண்ணி கூடாதாம், சும்மா கெட" என்றாள்.

கீழே அண்ணி கறந்தாள். பாதி மடி. கூண்டுகளோடு சேர்த்துச் சூடாக்கி, வடிகட்டி, ஒரு துளியைச் சோதனைத் தாளில் வைத்துப் பார்த்தாள். காலியத்தில் நிற்கிற ஆளே இல்லை, எல்லோருக்கும் நாற்காலி கிடைத்திருந்தது. சின்ன மின்தூக்கி வேறெங்கோ நின்றுகொண்டிருக்க, அவசரமில்லை ஈயச் சிமிழைத் தூக்கிக்கொண்டு படியில் ஏறினார். மூச்சிரைக்க என்னைக் கடந்தபோது, "வழி விடும்மா, வழி விடு!" என்றார். வழியில் யாருமே இல்லை.

ஊசி போட்டு, உடம்பில் பரவ நேரம் கொடுத்து, பிறகு உள்ளே அனுப்பினார்கள். அண்ணி கீழே போகவில்லை. கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால், டாக்டரின் நாற்காலிக்கு ஒரு அடி தள்ளி நின்றாள். அவளுக்குத் தண்ணீர் கொண்டுபோகிற சாக்கில் நானும் நின்றேன். உள்ளே அந்த மனிதர் சிலையாகக் கிடந்தார். மெஷின் ஓடி முடிந்து படம் வந்தது. கறுப்புத் திரையில் பளீரென்று இரண்டு சூரியன்கள்.

"ரெண்டு இருக்கே டாக்டர்!" என்றாள் அண்ணி.

"அது சிறுநீரகம்மா. எல்லாருக்கும் ரெண்டு இருக்கும்."

நர்ஸ் சிரிப்பை அடக்கிக்கொண்டு திரும்பிக்கொண்டாள். தன் மருந்து மனித உடம்புக்குள் எப்படித் தெரியும் என்பதை அண்ணி அன்றுதான் முதன்முதலாகப் பார்க்கிறாள். டாக்டர் படத்தை மேலும் கீழும் நகர்த்தினார். வேறெதுவும் இல்லை. இடது சூரியனின் ஓரத்தில் மட்டும் ஒரு மங்கல்.

"அது என்ன?"

"சிறுநீரகத்தோட வெளிச்சம் வழியுது. கணக்குல வராது." அவர் குரலில் உற்சாகமே இல்லை.

அண்ணி தலையைச் சாய்த்தாள். கண்ணாடிக் குப்பியின் சுவரில் துளி ஒட்டியிருக்கிறதா, உள்ளே மிதக்கிறதா என்று பார்க்க அவள் இப்படித்தான் சாய்ப்பாள். "கொஞ்சம் பக்கவாட்டுல திருப்புங்க டாக்டர்."

திருப்பினார். இன்னும் கொஞ்சம் திருப்பினார். சூரியனுக்கும் மங்கலுக்கும் நடுவே மெல்லிய கறுப்புக் கோடு விழுந்தது. கோட்டுக்கு அந்தப் பக்கம், கணையத்தின் வால்நுனியில், தனியாக ஒரு மிளகு.

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். பிறகு அறுவை டாக்டருக்கு எண்களை அழுத்தினார். அண்ணி என் கையிலிருந்த தண்ணீரை வாங்கிக் குடித்தாள். அவசரமில்லை வாசலில் நின்று, "என்ன, என்ன?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். யாரும் பதில் சொல்லவில்லை என்றதும் அவரே உள்ளே வந்து பார்த்து, கண்ணாடி இல்லாததால் ஒன்றும் தெரியாமல், அழத் தொடங்கினார்.

மறுநாள் வால்நுனியை மட்டும் எடுத்தார்கள். அதற்கு அடுத்த நாள் வார்டுக்குப் பார்க்கப் போனேன். மனைவி பையே இல்லாமல் உட்கார்ந்திருந்தாள். "நேத்துலேர்ந்து ஒரு தடவைகூட சார்னு கூப்பிடல. எனக்கு மரியாதையே போச்சு" என்றாள்.

அண்ணி வார்டுக்கு வரவில்லை. இன்னும் ஆறு பேருக்கு அந்த மருந்து செய்ய வேண்டியிருந்தது. ஆனால் தினமும் வீட்டுக்குக் கிளம்பும்போது, "ஃபோன் ஏதாவது வந்துச்சா?" என்று மட்டும் கேட்பாள். யாருடைய ஃபோன் என்று சொல்லமாட்டாள்.

தையல் ஆறிக் கடை திறந்த பிறகுதான் வந்தது, ஒரு மதியம்.

"மேடம், கீழ இருக்கற அந்த அம்மாகிட்ட சொல்லுங்க. எனக்குப் பசிக்குது."

"சாப்பிடுங்க, அதுக்கென்ன" என்றேன்.

"அதில்ல மேடம். வெறும் பசி. கை நடுங்கல, வேர்க்கல. இங்க ஒருத்தர் பாதி முகத்துல சோப்போட உக்காந்திருக்காரு. அவரை முடிச்சு அனுப்பிட்டு நிதானமா சாப்பிடப் போறேன். அதைச் சொல்லத்தான் கூப்பிட்டேன்."

அடித்தளத்துக்கு இணைப்புப் போட்டுச் சொன்னேன்.

"வெறும் பசியா?" என்றாள் அண்ணி.

"வெறும் பசிதான் அண்ணி."

நாற்காலியை இழுத்துப்போட்டு அவள் உட்காருகிற சத்தம் கேட்டது. பிறகு, "அந்தப் பாதிச் சோப்பு ஆளை முடிச்சாரா?"

"தெரியல அண்ணி."

"என்ன தெரியல? அப்புறம் சாப்பிட்டாரா இல்லையா?"

"அதை நான் கேக்கலயே."

"உன்னைப் போய் ஃபோன் பக்கத்துல உக்கார வெச்சிருக்காங்களே, அவங்களைச் சொல்லணும். கூப்பிட்டுக் கேளு. நான் லைன்லயே இருக்கேன்."

அவளைக் காத்திருக்கவைத்துவிட்டு, முடிதிருத்தும் கடையின் எண்ணை அழுத்தினேன்.